சுவர்க்கண்ணாடியில் பிடித்த வெயில்

காலை பதினொன்றேகால் மணிக்கு எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. கடிகாரத்தில்தான் பதினொன்றேகால். சூரியனுக்கு அப்போது பத்துகூட ஆகியிருக்கவில்லை. ஜப்பான்காரர்கள் வந்ததும் மலாயா முழுவதும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, டோக்கியோ நேரப்படி நடக்கச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். பதினொரு மணிக்கு வெயில் எந்தச் சுவரில் நிற்கும் என்று மனப்பாடமாக வைத்துப் பிழைத்த என் போன்ற புகைப்படக்காரனுக்கு அது தொழிலையே பிடுங்கிப்போட்ட மாதிரி.

செலவில்லாமல் வெளிச்சம் அமைப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களில் சிலர் தொழிலுக்கு வந்து இன்னும் ஒரு தீபாவளிகூடப் பார்க்கவில்லை. ஐம்பது வயதாகாத மனிதர் ஏன் காஜா பேராங் தெருவில் வைத்திருந்த படக்கடையை மூடினார் என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் முன்பின்னாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் செல்வி வேலை முடிந்து உஜோங் பாசிரிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். அவள் வந்து சேரும்வரை நான் எந்தக் காரியத்தையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்துச் சுண்ணாம்பு பூசினால் நல்ல வெளிச்சத் தட்டி. சன்னலில் பழைய வேட்டியைக் கட்டினால் வெயில் பால் மாதிரி இறங்கும். தாடைக்கடியில் கருநிழல் விழுகிறதா, உட்கார்ந்திருப்பவர் மடியில் வெள்ளைப் பீங்கான் பேசினைக் கவிழ்த்து வையுங்கள், படத்தில் அது தெரியாது. கன்னம் உப்பிய முகத்துக்கு ஒரு பக்கமாகக் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாள் எல்லாவற்றிலும் மேல். ஆனால் அதை அட்டையில் ஒட்டுமுன் நன்றாகக் கசக்கிவிட வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், நான் அதைப் பளபளவென்று நீவி ஒட்டியதைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, வர்றவன் மூஞ்சில அறையப் போறியா?” என்றார். நீவிய தாளும் கண்ணாடியும் வெயிலை அப்படியே திருப்பி அடிக்கும். முகம் வெளுத்துப்போகும், கண் மூடிக்கொள்ளும். கசக்கிய தாளில் வெயில் சிதறும், முகம் முகமாக இருக்கும்.

அவர் சொன்னதை நான் மீறியதில்லை. அன்று ஒரு நாள் மீற வேண்டியிருந்தது.

ஜப்பான் காலத்தின் கடைசி ஆண்டு அது. இரவில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்ற உத்தரவில் என் கடையின் கண்ணாடிக் கூரைக்குத் தார் பூசியிருந்தார்கள். மின்விளக்கு கிடையாது. படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டுகளில் மிச்சமிருந்தவை பழசாகி மந்தப்பட்டுவிட்டன. அவற்றில் முகம் பதிய முன்னைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். எனக்கு இருந்ததோ வடக்குப் பார்த்த ஒரே சன்னல். உச்சி நெருங்கினால்தான் அந்தப் பக்கத்து முற்றத்தில் வெளிச்சம் நிறையும்.

இனி செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஜப்பான்காரர்கள் ஊருக்குள் வந்த வாரமே என் மனைவி பாக்கியம் அவள் தலைமுடியை ஒட்ட வெட்டி, என் பழைய சட்டையையும் கால்சட்டையையும் போட்டுவிட்டாள். செல்வி செல்வம் ஆனாள். அதிகாரிகள் பதிவுக்கு வந்தபோதும் மகன் என்றே சொன்னேன். பெண்பிள்ளை வைத்திருந்த பலரும் இதைத்தான் செய்தார்கள். ஆனால் அவள் வளர வளர இதிலேயே இன்னொரு ஆபத்து முளைத்தது. வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பையன்களையும் இழுத்துப்போகத் தொடங்கினார்கள். சயாமுக்கு, ரயில் பாதை வேலைக்கு என்றார்கள், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பையன் என்றால் லாரி. பெண் என்றால், அதை நான் எழுதப் போவதில்லை. இரண்டுக்கும் நடுவில் அவளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளையும் தள்ளினோம்.

பதினொரு மணிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். பக்கத்துச் செட்டி கம்பம் என்ற குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா, அவருடைய மகன் சுப்பையா. செட்டிகளை உங்களுக்குத் தெரியும்; நம் சாமியைக் கும்பிட்டு, வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். அந்த அம்மாவை எல்லோரும் மலாய் முறையில் மாக், அதாவது அம்மா, என்றே கூப்பிடுவோம். வெள்ளைக் கெபாயா மேற்சட்டை, சாரோங், நெற்றியில் திருநீறு. சுப்பையாவுக்கு ஆணை வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் திடலில் லாரி ஏற வேண்டும். அதற்குமுன் ஒரு படம் வேண்டும். வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூட இல்லை.

சுப்பையா திரும்பி வரவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல என்னால் முடியாது.

அவனை உட்கார வைத்துப் பார்த்தேன். சன்னலில் வெளிச்சம் போதவே போதாது. ஒன்றரை மணி நேரம் பொறுத்தால் சூரியன் ஏறிவிடும். ஆனால் லாரி டோக்கியோ நேரப்படி புறப்படும். கசக்கிய ஈயத்தாள் தட்டியை முற்றத்தில் நிறுத்திப் பார்த்தேன். மந்தப்பட்ட பிளேட்டுக்கு அது எட்டாது. இருப்பதோ ஒரே பிளேட். அப்போதுதான் சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். தலையணை அளவுள்ள முகம் பார்க்கும் கண்ணாடி. அதை முற்றத்துக் குளியலறைக் கூரையில் நின்று பிடித்தால் கிழக்கு வெயிலைச் சன்னல் வழியாக நேரே அவன் முகத்தில் விழ வைக்கலாம். அறைகிற வெளிச்சம்தான். ஆனாலும் முகம் பதியும்.

என் பழைய வெள்ளைச் சட்டையோடு செல்வி ஏறினாள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த மாக், பாக்கியத்தின் காதருகில் மலாயில் ஏதோ சொன்னார். பாக்கியத்தின் முகம் வெளுத்துவிட்டது. “பையனுக்கு ஏணி ஏறச் சொல்லிக் கொடு. இல்லாத பாவாடையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு ஏறுகிறான்” என்று சொன்னாராம். சொல்லிவிட்டு அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

“அப்பா, இப்படியா?” என்று மேலேயிருந்து செல்வி கேட்டாள்.

“கொஞ்சம் கீழே சாய்ம்மா,” என்றேன். அந்த ‘ம்மா’வை இன்னும் நினைத்துப் பயப்படுகிறேன்.

வெயில் அவன் முகத்தில் விழுந்தது. உடனே கண்ணை மூடிக்கொண்டான். திறக்கச் சொன்னேன், முடியவில்லை, தண்ணீர் வழிந்தது. அவனுடைய அம்மா சிரித்தபடியே அவனைக் கடிந்துகொண்டார்: பிறந்தபோதும் கண்ணைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை இது, உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்தில்கூட மூடிக்கொண்டுதான் நின்றது என்றார். பிறகு கேமராவுக்குப் பின்னால் என் தோளருகில் வந்து நின்று, “என்னைப் பார்” என்றார். அவன் பார்த்தான். நான் படம் எடுத்தேன். கண் திறந்தே இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

லென்ஸ் மூடியைப் பொருத்தும்போது விமானச் சத்தம் கேட்டது. உயரத்தில், வெள்ளிப் பொட்டு மாதிரி. ஜப்பான் விமானத்தின் சத்தம் எங்களுக்குப் பழக்கம், இது அதுவல்ல. தெருவில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்வியும் நிமிர்ந்தாள். அவள் கையிலிருந்த கண்ணாடியும் அவளோடு நிமிர்ந்தது.

என் தொழில்புத்தியில் நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். வெளிச்சத்தை முகத்தில் விழவைத்தால் போதாது. முகத்தை விட்டு விலகினால் அது எங்கே போகும் என்பதையும் பார்த்து வையுங்கள்.

அம்மாவும் மகனும் திடலுக்கு ஓடினார்கள். அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் ஜப்பான் இராணுவப் போலீஸ் வந்தது. ஒரு சார்ஜென்ட், வாசலில் நிற்க ஒரு சிப்பாய், பேச்சை மொழி மாற்றிச் சொல்ல ஒரு தமிழர். அந்தத் தமிழர் முன்பு ஏதோ ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். உள்ளே வந்ததும் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன படக்காரரே, இப்பல்லாம் மேல போறவனுக்கும் வெளிச்சம் அடிச்சுக் கொடுக்கிறீங்களாமே?”

காவல் மேடையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். காஜா பேராங்கில் ஒரு கூரையிலிருந்து விமானத்தை நோக்கிக் கண்ணாடி மின்னியிருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருந்ததும் தெரிந்திருக்கிறது. எதிரிக்குச் சைகை காட்டினால் என்ன ஆகும் என்று அவர் விளக்கவில்லை. ஊரில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். சைகை இல்லை, படம் எடுக்க வெயில் பிடித்தோம் என்றேன். அதற்குச் சாட்சியும் என் கையிலேயே இருந்தது. பிளேட் செருகிய மரச்சட்டத்தை எடுத்துக் காட்டினேன். இதை மருந்தில் கழுவினால் ஒருவன் முகம் வரும், அந்த முகத்தில் கண்ணாடி வெயில் இருக்கும், கண்மணியில் கண்ணாடியின் சதுரம்கூடப் பொட்டாக விழுந்திருக்கும், சன்னலின் பொட்டு தனியாகத் தெரியும் என்றேன். பேசப் பேச எனக்கே தைரியம் வந்தது. கிராணி மாற்றிச் சொன்னார். சார்ஜென்ட் சட்டத்தைப் பார்த்தார், தலையசைத்தார். கழுவு, நானும் வந்து பார்க்கிறேன் என்று சொன்னதாகக் கிராணி சொன்னார்.

இருட்டறை நடைவழியின் கோடியில் இருந்தது. நான் முன்னால் போனேன். பாக்கியம் அடுப்படி வாசலில் அசையாமல் நின்றாள். கண்ணாடி அதற்குள் சுவரில் பழைய இடத்திலேயே தொங்கியது. நல்லது செய்தாள் என்று நினைத்துக்கொண்டே இருட்டறையை நெருங்கினேன்.

கதவுக்கு வெளியே ஒரு ஜோடி மரக்கட்டைச் செருப்பு இருந்தது. செல்வியுடையது.

எங்கள் வீட்டில் இருட்டறைக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது. செருப்பில் ஒட்டிய தூசி பிளேட்டில் ஒட்டினால் முகத்தில் புள்ளி விழும். செல்வி நடக்கப் பழகிய நாளிலிருந்து அதைச் சொல்லி வளர்த்திருக்கிறேன். கதவைத் தட்டாமல் யாரும் திறக்கக் கூடாது என்பதும் எங்கள் வீட்டுச் சட்டம். ஒளிய இடம் தேடியவள், அந்தச் சட்டத்தை நம்பி உள்ளே போயிருக்கிறாள். அந்தப் பயத்திலும் செருப்பைக் கழற்றி, சோடி பிசகாமல், வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எனக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் என் காலை அந்தச் செருப்புக்குள் நுழைத்தேன். சிறிய செருப்பு. என் குதிகால் வெளியே தொங்கியது. அதில் நின்றபடியே திரும்பி, மருந்து கெட்டுப்போய்விட்டது, புதிதாகக் கரைத்தால் நாளைக்குத்தான் கழுவ முடியும் என்றேன்.

கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பத்தானே கழுவுறேன்னு குதிச்சீங்க. நடந்து வர்றதுக்குள்ள கெட்டுப் போச்சா?”

சார்ஜென்டுக்கு அவர் மாற்றிச் சொன்னதும் கன்னத்தில் அறை விழுந்தது. மறுபடியும் விழுந்தது. சுவரில் சாய்ந்தேன், செருப்பை விட்டு இறங்கவில்லை. பிறகு சார்ஜென்ட் என் கையிலிருந்த சட்டத்தைப் பிடுங்கினார். அதை வெளிச்சத்தில் திறந்தால் படம் கெட்டுவிடும் என்று கிராணியிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அப்படியானால் உள்ளே வைத்துத் திற என்பார். உள்ளே என்றால் இந்தக் கதவு. வாயை மூடிக்கொண்டேன். அவர் அடுப்படி வெளிச்சத்தில் நின்று மூடியை உருவினார்.

உள்ளே வெறும் பிளேட். பால் வெள்ளையாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது. கழுவாத பிளேட் அப்படித்தான் இருக்கும். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “முகம் எங்கே?” என்று கிராணி கேட்டார். அதே நொடியில் அந்த முகம் வெளிச்சம் பட்டு அழிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அதையேதான் செய்வார்கள். ஆனால் அது ஒரு வாடிக்கையாளரின் ஒரே படம். தொழில் என்றால் அதைக் காப்பதுதான். இரண்டையும் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. இத்தனை ஆண்டு யோசித்தும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை பிளேட் மூடியை உருவும்போதும் கை ஆடத் தொடங்கியது. கை ஆடினால் இந்தத் தொழில் இல்லை.

சாட்சி போய்விட்டது. கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. கண்ணாடியைப் பிடித்தது யார்? நான்தான் என்றேன். அப்படியானால் படம் எடுத்தது யார் என்றார் கிராணி. நானே கூரையில் கட்டி நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன் என்றேன். பிடித்துக்கொண்டு நின்ற ஆளைக் காவல் மேடையில் பார்த்திருக்கிறார்களே என்றார்.

“உங்களுக்கு ஒரு பையன் இருக்கான்ல? செல்வம். எங்க அவன்?”

உஜோங் பாசிருக்குக் கருவாடு வாங்கப் போயிருக்கிறான் என்றேன்.

“வரட்டும், வரட்டும். எங்களுக்கு என்ன அவசரம்?” என்று சொல்லி, படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைச் சார்ஜென்டுக்கு இழுத்துப் போட்டார். தான் சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் இருட்டறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது, காற்றுப் போக ஒரு கூண்டு மட்டும் உண்டு. உள்ளே மருந்து நெடி தொண்டையைப் பிடிக்கும். பத்து நிமிடம் நான் இருந்தாலே இருமல் வரும். அவள் இருமக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. நான் அடிக்கடி இருமினேன். அவளுக்கு வந்தால் என் இருமலோடு கலந்துவிடட்டும் என்று இருமினேன். பாக்கியம் அடுப்படியில் வெறும் சட்டியைக் கரண்டியால் கிளறிக்கொண்டேயிருந்தாள். “அம்மா என்ன சமைக்கிறாங்க, வாசமே வரலியே?” என்று கிராணி சிரித்தார். மரவள்ளி, இன்னும் வேகவில்லை என்றாள் பாக்கியம். அடுப்பில் நெருப்பே இல்லை.

சார்ஜென்ட் எழுந்து என் காலைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். கிராணியிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

அப்போதுதான் முன்வாசலில் மாக் வந்து நின்றார்.

லாரி போய்விட்டிருந்தது. திடலில் ஜனங்கள் பேசிக்கொண்டார்களாம், படக்கடைக்காரன் மகன் விமானத்துக்குச் சைகை காட்டினான், பிடிக்கப் போயிருக்கிறார்கள் என்று. இதைப் பிறகு அவரே சொன்னார். அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு நடந்திருக்கிறார். சிப்பாய் மறித்தபோது அவன் கையை ஈ ஓட்டுவதுபோல் விலக்கிவிட்டு உள்ளே வந்தார். என் வீங்கிய முகத்தைப் பார்த்தார். காலில் இருந்த செருப்பையும் குறுகலான கதவையும் பார்த்தார். பிறகு சார்ஜென்ட் முன்னால் போய்க் குனிந்து வணங்கிவிட்டு மலாயில் பேசினார். கண்ணாடியைப் பிடித்தது தான்தான் என்றார்.

கிராணி மாற்றிச் சொல்லிவிட்டு அவரிடமே திரும்பினார். “இந்த வயசுல கூரை ஏறினீங்களா, மாக்?”

மாக் சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிச் சாய்த்தார். முன்வாசல் வெளிச்சம் அதில் பட்டுச் சுவரில் ஒரு சதுரமாக விழுந்தது. அது சுவரில் நகர்ந்து சார்ஜென்டின் நெஞ்சுக்கு வந்து, அங்கேயே நின்றது. வெள்ளைக் கெபாயாவின் கைகள் ஆடவே இல்லை.

“இன்று உங்கள் லாரியில் போனது என் மகன்,” என்றார். “அவன் முகத்தில் வெளிச்சம் விழ நான் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பார்கள்?”

கிராணி தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, வழக்கத்தைவிட அதிக நேரம், சார்ஜென்டிடம் பேசினார். என்ன சேர்த்துச் சொன்னாரோ எனக்குத் தெரியாது.

சார்ஜென்ட் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் அடித்தார். மாக்கின் வாயில் புறங்கையால் அறைந்தார். அவர் விழாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இனி இந்தக் கூரையில் எதுவும் மின்னினால் வீட்டையே கொளுத்துவோம் என்று கிராணி சொன்னார். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் அவர்களோடு இறங்கிப் போனார்.

பூட்ஸ் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது. எனக்குப் பின்னால், கதவுக்குள்ளே, செல்வி இருமத் தொடங்கினாள். நான் கதவைத் திறக்கத் திரும்பினேன். அதற்குள் மாக் கண்ணாடித் துண்டுகளை மிதித்து என் பக்கத்தில் வந்திருந்தார். உதடு கிழிந்து கெபாயாவில் ரத்தம் சொட்டியது. அடுப்படி மேடையில் வெள்ளையாகக் கிடந்த பிளேட் அவர் கண்ணில் பட்டது. அது என்னவென்று அவருக்குத் தெரியாது.

“தம்பி,” என்றார். அது ஒன்றுதான் தமிழ். மீதியை மலாயில் கேட்டார்.

“படத்தில் என் பிள்ளை கண்ணைத் திறந்திருக்கிறானா?”